அண்ணாவின் சைக்கிளுக்கு ஒரு சீற் போஸ்ற்

முதலில் ஒரு விளக்கம். இந்தக் கட்டுரையில் வரும் 'நாங்கள்' இரண்டு பேர். ஒருத்தி கலைப்பீடம், மற்றவள் ஏ.எல். எழுதுகிறவள் மூத்தவள். பக்கத்தில் இருந்து "அது பிழை, இப்பிடிப் போடு" என்று திருத்துகிறவள் இளையவள். இருவருக்கும் சைக்கிள் ஒன்றுதான். ஆகவே நாங்கள்.

அந்தச் சைக்கிள் அண்ணாவுடையது. 2022இல் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட காலத்தில் வாங்கினது. யூலையில் கியூஆர் கோட் வரும்வரை எங்கட தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தமே அரிதாகிப் போயிருந்தது. சைக்கிள் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. புதுசு கட்டாது என்று, ஜப்பானில் இருந்து கொன்ரெய்னரில் வந்த பழசுகளுக்குள் தேடி அண்ணா ஒரு மவுண்டன் சைக்கிள் எடுத்தார். 26 இஞ்சிச் சில்லு, இரும்புப் பிறேம், முன்னுக்கு ஸ்பிரிங் கிஸ்பிரிங் ஒன்றுமில்லாத நேரான ஃபோர்க். எங்கள் வயதை விடக் கொஞ்சம் கூடின வயது அதற்கு.

வாங்கின கையோடு மட்காட்டைக் கழற்றினார், ஸ்ராண்டைக் கழற்றினார், கரியரைக் கழற்றினார். "பாரம் குறையவேணும்." யூரியூப்பில் வெள்ளைக்காரர் ஒவ்வொரு போல்ற்றையும் தராசில் வைத்து நிறுக்கிற வீடியோக்கள் அவருக்குப் பைத்தியம். கொக்குவிலில் ஏறுவதற்கு ஒரு மலையும் இல்லை. இருந்தாலும் பாரம் குறையவேணும்.

அந்த வருசம் செப்ரெம்பரில் அண்ணா வெளிக்கிட்டார். இப்போது பிரான்சில். சைக்கிள் விறாந்தையில் நின்றது, ஒரு மாரி முழுக்கத் தூவானம் குடித்தபடி. 2023இல் இளையவளின் ரியூசன் வகுப்புகள் நாலு இடத்துக்குச் சிதறின. அப்போதுதான் அதைத் தூசு தட்டினோம். சில்லு சுற்றியது. பிறேக் பிடித்தது. சீற் மட்டும் இறங்கவில்லை.

அண்ணா ஐந்தடி பதினொரு அங்குலம். அவருடைய உயரத்துக்கு ஏற்றிவிட்ட சீற் அங்கேயே நின்றது. கிளாம்ப் போல்ற்றைக் கழற்றி எறிந்த பிறகும் அசையவில்லை. மூத்தவள் ஒரு மதிலைப் பிடித்து ஏறி, ஒரு நாள் பரமேஸ்வராச் சந்தி வரைக்கும் ஓடிப் பார்த்தாள். ஓடலாம். நிற்கத்தான் ஏலாது. இன்னொரு மதிலைத் தேடவேணும்.

இளையவளுக்கு இதன் காரணம் ரசாயனப் பாடத்தில் இருந்தது. போஸ்ற் அலுமினியம், பிறேம் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் ஈரம், அதுவும் உப்புக் காற்று ஊரின் ஈரம். மின்னிரசாயனத் தொடரில் கீழே மேலே இருக்கிற இரண்டு உலோகம் இப்படித் தொட்டுக்கொண்டு நனைந்தால் ஒரு சின்ன பற்றரிதான் அது. அலுமினியம் அரிக்கும். அரித்து வருகிற ஒட்சைட்டுக்கு அலுமினியத்தை விடக் கூட இடம் தேவை. இடமில்லாத குழாய்க்குள் அது ஆப்பு மாதிரி இறுகும். ஒரு சொட்டு கிறீஸ் பூசியிருந்தால் நடந்திராது. நிறை குறைக்கத் தெரிந்த அண்ணாவுக்குக் கிறீஸ் பூசத் தெரியவில்லை, அல்லது கிறீஸும் நிறைதானே என்று விட்டுவிட்டார்.

சைக்கிள் கடை ஐயா ஒரு கிழமை எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு சுடுதண்ணி ஊற்றப் போனார். இளையவள் மறித்தாள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், சுட்டால் இன்னும் இறுகும், குளிராக்குங்கோ என்றாள். ஐயா எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது வருசமாகச் சைக்கிள் திருத்துகிறவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டவர்களில் ஒருவர். "சரி பிள்ளையள், ஐஸ் கொண்டு வாங்கோ" என்றார். மீன் சந்தையில் இருந்து ஐஸ் கொண்டு போனோம். போஸ்ற்றைச் சுற்றி அரைமணி நேரம் கட்டி வைத்து, போஸ்ற்றின் தலையை வைஸில் இறுக்கி, பிறேமையே நெம்புகோலாகப் பிடித்து மூன்று பேரும் திருப்பினோம். ஒரு சத்தம் வந்தது. யாரோ பெரிய கதவைத் திறந்த மாதிரி. அசைந்துவிட்டது. அதே நேரம் தலையில் சீற்றைப் பிடிக்கிற காது ஒன்றும் வெடித்துவிட்டது. மிச்சத்தைப் பைப் ஸ்பானரால் திருகி இழுத்தார்.

வெளியே வந்த போஸ்ற்றைப் பார்த்துத்தான் எங்களுக்கு வயிறு குளிர்ந்தது. 33 சென்ரிமீற்றர் நீளமான கம்பியில் பிறேமுக்குள் இருந்தது 5 சென்ரிமீற்றர். அவ்வளவுதான். எந்தச் சீற் போஸ்ற்றிலும் ஒரு கோடு இருக்கும், குறைந்தது இவ்வளவாவது உள்ளே போகவேணும் என்று. அந்தக் கோடு எங்கள் போஸ்ற்றில் வெளியே, கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. அதையும் அதற்கு மேலே இருந்த ஆங்கில எழுத்துகளையும் நாங்கள் ஏதோ கொம்பனிப் பெயர் என்று நினைத்திருந்தோம். குறைவாக உள்ளே போனால் ஓடுகிறவரின் முழு நிறையும் குழாயின் மேல் விளிம்பில் நெம்பும். போஸ்ற் வளையும், அல்லது பிறேம் வெடிக்கும். எங்கட போஸ்ற் ஏற்கெனவே கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. அண்ணாவுக்கு 40 சென்ரிமீற்றர் போஸ்ற் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அவர் வாங்கவில்லை. காசைச் சேர்த்தது வேறு எதற்கென்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

ஆக, ஒரு சீற் போஸ்ற் வாங்கவேணும். கையில் மகாபொலக் காசு 5000 ரூபா. அன்றிரவே அண்ணாவிடம் இருந்து வட்ஸ்அப்பில் வந்தது: "பாரமில்லாததா வாங்குங்கோ."

இங்கேதான் எங்கட ஆராய்ச்சி தொடங்கியது. கலைப்பீடத்தில் இறுதி வருட ஆய்வுக்குக்கூட இவ்வளவு வாசிக்கவில்லை.

கீத் பொன்ற்றேகர் என்ற அமெரிக்க சைக்கிள் வடிவமைப்பாளர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: உறுதி, பாரக்குறைவு, மலிவு, மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். வாசித்தபோது சரியென்று தலையாட்டினோம். பிறகு தேடத் தேட, எங்களுக்கு மூன்றில் ஒன்றாவது கிடைக்குமா என்பதே சந்தேகமாகியது. ஏனென்றால் முதல் கேள்வி பாரமே இல்லை. விட்டம்.

சீற் போஸ்ற்றின் விட்டம் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். இப்போது கூடுதலாகப் புழங்குவது 27.2, 30.9, 31.6 மில்லிமீற்றர். பழைய இரும்பு மவுண்டன் சைக்கிள்களில் குழாயின் தடிப்பைப் பொறுத்து 26.4, 26.6, 26.8, 27.0 என்று 0.2 விட்டு 0.2 ஆகப் போகும். அளவு போஸ்ற்றின் அடிப்பக்கத்தில் குத்தியிருக்கும். எங்களுடையதைத் துடைத்துப் பார்த்தோம். 26.8.

"27.2 எல்லாத்துக்கும் சரிவரும்" என்றார் நகரில் ஒரு கடைக்காரர். வராது. 0.4 மில்லிமீற்றர் என்பது ஒரு நகத்தின் தடிப்பு. ஆனால் இரும்புக் குழாய்க்கு அது தெரியும். சிறிய போஸ்ற்றைப் போட்டு இடைவெளிக்குச் சோடா ரின்னை வெட்டிச் செருகலாம் என்றார் இன்னொருவர். எங்கட ஊரில் இதைச் செய்யாத சைக்கிளே இல்லை. ஆனால் கிடைத்தது 25.4 போஸ்ற். அதற்கும் 26.8க்கும் நடுவில் பக்கத்துக்கு 0.7 மில்லிமீற்றர். ரின் தகடு அண்ணளவாக 0.1. ஏழு சுற்று! அது சீற் போஸ்ற் இல்லை, பாலப்பம் சுருட்டின மாதிரி. 26.8இல் புதுசு வெளிநாட்டில் இருக்கிறது. தாய்வானின் கலோய், அமெரிக்காவின் தொம்சன் எல்லாம் இந்த அளவுகளில் செய்திருக்கிறார்கள். தபால் செலவும் வரியும் போஸ்ற்றின் விலையைத் தாண்டும். காபன் பற்றி இளையவள் கேட்டாள். விலையைக் காட்டினோம். பிறகு கேட்கவில்லை.

கடைசியில் வழி சொன்னது ஐயாதான். "27.2 வாங்கி லேத்திலை குடுத்துக் கடைஞ்சு எடுங்கோ." பக்கத்துக்கு 0.2 மில்லிமீற்றர் சீவினால் 26.8.

இரண்டு 27.2 போஸ்ற் எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒன்று ஜப்பான் சாமான்களோடு வந்த பழசு, 350 மில்லிமீற்றர் நீளம், மெல்லிய சுவர். பலசரக்குக் கடைத் தராசில் 235 கிராம், விலை 6500. மற்றது பெயரே இல்லாத புதுசு, அதே நீளம், 310 கிராம், 3200. அண்ணா கேட்டது முதலாவதை. எங்களுக்கும் ஆசைதான், கடன் பட்டாவது எடுக்கலாம் என்று யோசித்தோம். இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு லேத் வேலை செய்கிறவரிடம் போனோம். அவர் வேர்னியர் வைத்துச் சுவரின் தடிப்பை அளந்தார். பாரமான போஸ்ற்றில் இரண்டரை மில்லிமீற்றர். பாரம் குறைந்ததில் ஒன்றரைக்குக் கொஞ்சம் கூட. "இதைத் தொட மாட்டன்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பு. பாரம் குறைந்த போஸ்ற் என்றால் என்ன? தேவையில்லாத உலோகத்தை ஏற்கெனவே எடுத்துவிட்ட போஸ்ற். அதில் இனி எடுக்க ஒன்றுமில்லை, எங்கட சைக்கிளுக்கு ஏற்ற மாதிரி மாற்றவும் ஏலாது. பாரமானதில்தான் விட்டுக்கொடுக்க இடமிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் 75 கிராம். மூத்தவளின் தொலைபேசியே அதை விடப் பாரம். போதாததற்கு, அண்ணா கழற்றி எறிந்த கரியரை நாங்கள் தேடிப் பிடித்துத் திரும்பப் பூட்டியிருந்தோம், புத்தகப் பை வைக்க. அந்த இரும்புக் கரியர் முக்கால் கிலோ. இதை இன்னும் அண்ணாவுக்குச் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வார்.

பாரமும் விட்டமும் இப்படி முடிந்தன. நீளம்தான் முடியவில்லை.

பெயரில்லாத அந்தப் போஸ்ற் இரண்டு நீளத்தில் இருந்தது, 350, 400. விலை வித்தியாசம் 700 ரூபா, நிறை வித்தியாசம் ஒரு இருபத்தைந்து கிராம். பெரிய விசயமில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. "நீளமானதை எடுங்கோவன். அவன் வந்தால் என்னெண்டு ஓடுறது?"

நாங்கள் அளந்தோம். செருப்பில்லாமல் சுவரோடு நின்று, கால்களுக்கு நடுவில் ஒரு தடித்த கொப்பியை இறுக்கி மேலே இழுத்து, நிலத்தில் இருந்து கொப்பியின் மேல் விளிம்பு வரை. மூத்தவள் 76, இளையவள் 70. அதை 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவில் இருந்து சீற்றின் மேல்வரை வரவேண்டிய உயரம். கிரெக் லெமோன்ட் என்ற ஓட்டவீரரின் பெயரில் வழங்குகிற கணக்கு இது. மூத்தவளுக்கு 67, இளையவளுக்கு 62. கணக்கு வேண்டாதவர்களுக்கு லேசான வழி: பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நிற்கவேணும். பாதத்தின் முன்பக்கத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். அவ்வளவுதான்.

இதில் ஒன்று சொல்லவேணும். சைக்கிள் பழக்கின நாளில் இருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தது, சீற்றில் இருந்தபடி இரண்டு பாதமும் நிலத்தில் முட்டவேணும் என்றுதான். பெடியளுக்கு அப்படி ஒருவரும் சொல்வதில்லை, அவர்கள் பாரில் ஒரு கால் போட்டே பழகிவிடுவார்கள். பொம்பிளைப் பிள்ளையளின் சீற் எப்போதும் ஆகக் கீழே. முழங்கால் நெஞ்சை இடிக்க இடிக்க மிதித்து, பத்து நிமிசத்தில் முழங்கால் நோகும். "பெட்டையளுக்கு மூச்சு இல்லை" என்று அதற்கும் ஒரு பேச்சு. பிழை சீற் உயரத்தில். 62 சென்ரிமீற்றருக்கு ஏற்றி ஓடின முதல் நாள் இளையவள் ஆனைக்கோட்டை வரை போய் வந்து, "ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்று கேட்டாள். ஆனால் அது பிறகு நடந்தது.

திரும்ப நீளத்துக்கு. பிறேமின் குழாய் 43. சீற்றும் அதன் பிடியும் சேர்த்து 5. ஆகவே போஸ்ற் வெளியே தெரியவேண்டியது இளையவளுக்கு 14, மூத்தவளுக்கு 19. அண்ணாவின் பழைய உயரத்தை அளந்து வைத்திருந்தோம், அவருக்கு 28. உள்ளே எப்போதும் குறைந்தது 10 இருக்கவேணும். 350 போஸ்ற் என்றால் ஆகக் கூட 25 தான் ஏற்றலாம், அண்ணாவுக்குக் காணாது. 400 என்றால் 30 வரை ஏறும், காணும்.

அப்போ 400ஐ எடுக்கலாம்தானே? விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவிக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தோம். 22 சென்ரிமீற்றரில் முட்டியது. ரோச் அடித்தால் தெரிகிறது, தண்ணீர்ப் போத்தல் பூட்டுகிற போல்ற்றுக்காக வைத்த காது உள்ளுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. 400 போஸ்ற்றில் 22 உள்ளே போனால் 18 வெளியே நிற்கும். இளையவளுக்கு 14தான் வேணும். நாலு சென்ரிமீற்றர் கூட. அவளுக்காக அடியை வெட்டினால் அண்ணாவுக்கு இரண்டு சென்ரிமீற்றர் குறையும். எத்தனை தரம் போட்டுப் பார்த்தும் ஒரே விடை. இந்தப் பிறேமில் அண்ணாவும் இளையவளும் ஒரே போஸ்ற்றில் ஓட ஏலாது.

இந்தக் கணக்கை அம்மாவுக்குக் காட்டவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, அம்மாவுக்கு இருபது வயதிருக்கும், வலிகாமமே எழும்பி நடந்த சனத்துக்குள் ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவ. ஏறி ஓட இடமில்லை, சைக்கிள் முழுக்கச் சாமான், சீற்றில் கூட ஒரு உரப்பை. அம்மாவுக்குச் சைக்கிள் என்றால் யாரோ விட்டுவிட்டுப் போகிற சாமான் இல்லை. திரும்பி வரும்வரை வைத்திருக்கிற சாமான்.

அண்ணாவிடம் கேட்டோம். வேலை முடிந்து வந்து கட்டிலில் இருந்தபடி கதைத்தார். அங்கே அவர் சாப்பாட்டு டெலிவரிக்கு ஓடுவது வாடகைச் சைக்கிள், அதன் சீற் உயரம் சரியில்லை என்று எப்போதும் முறைப்பாடு. 350, 400, 14, 28 எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றோம்.

"350 போதும்" என்றார்.

"அம்மா 400 எண்டு நிக்கிறா."

"350 எடுங்கோ. உங்களுக்குச் சரியா இருக்கிறதுதான் சரி." பிறகு, "பாரமும் குறைவுதானே" என்றார்.

எடுத்தோம். லேத்காரர் முப்பது சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கடைந்தார். சுருள் சுருளாக வெள்ளித் தூள் விழுந்தது. இளையவள் கணக்குப் பார்த்து, ஒரு 14 கிராம் குறைந்திருக்கும் என்றாள். அண்ணாவுக்கு அதையும் அனுப்பினோம், ஒரு கைதட்டல் வந்தது. கூலி 1000. கடைசலோடு எச்சரிக்கைக் கோடும் அழிந்துவிட்டது. அதை ஆணியால் கீறக் கூடாது, அலுமினியத்தில் கீறின இடத்தில்தான் வெடிப்புத் தொடங்கும் என்றார் அவர். அதனால் அடியில் இருந்து 10 சென்ரிமீற்றர் அளந்து மாக்கரால் போட்டோம். மேலே ஆளுக்கொரு ரேப், மூத்தவளுக்குச் சிவப்பு, இளையவளுக்குப் பச்சை. வீட்டில் கிடந்த பழைய குயிக் றிலீஸ் ஒன்றைக் கிளாம்ப்புக்குப் போட்டதால், ஆள் மாறும்போது அரை நிமிச வேலை.

கடைந்த போஸ்ற்றில் மேல்பூச்சு இல்லை, அரிப்பு இன்னும் கெதியாக வரும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் உருவி, துணியால் துடைத்து, கிறீஸ் பூசித் திரும்பப் போடுகிறோம். மாரியில் மாதத்துக்கு ஒருக்கால். போன ஞாயிறும் உருவினோம். அம்மா தேத்தண்ணியோடு வந்து படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. முதல் தரம் அதை எடுக்க ஐஸும் வைஸும் மூன்று பேரும் தேவைப்பட்டது அம்மாவுக்குத் தெரியும். இப்போது இளையவள் ஒரு கையால் இழுக்க வந்தது.

"இப்ப லேசா வருதோ?" என்றா.

"ஓம்."

"அப்ப நீளமானது ஒண்டு வாங்கி வைச்சால் அவன் வரேக்க மாத்தலாம் என்ன?"

மாற்றலாம். 27.2, 400 நீளம், 3900 ரூபா, லேத்துக்கு 1000. அம்மா கொப்பியின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னா. எழுதிக் கொடுத்தோம்.